பேட்ச் எண் இல்லாத உப்பு: வீட்டுக் கடல்தொட்டிகளும் குலையும் நம்பிக்கையும்

கடையநல்லூர் மலையடிவாரத்து ஊர். கருப்பாநதி அணையும் குளத்துப் பாசனமும் கண்ட மண். கடலோ கிழக்கே தூத்துக்குடியில், சாலைவழி நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கிறது. இந்த ஊரிலோ சங்கரன்கோவில் பக்கத்திலோ ஒருவர் வீட்டில் கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்பட்டால் தண்ணீருக்கு இரண்டே வழிதான். கேன் கேனாகக் கடல்நீரை அள்ளிவர வேண்டும், இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீரில் ‘மெரைன் சால்ட்’ என்று விற்கும் செயற்கைக் கலவையைக் கரைக்க வேண்டும். அள்ளிய நீரிலுள்ள நுண்ணுயிர்கள் மூடிய கேனுக்குள் செத்து அழுகத் தொடங்கும். துறைமுகமும் அனல்மின் நிலையமும் அமைந்த கரையில் எந்த இடத்து நீர் உகந்தது என்று சொல்ல மீனவரின் அனுபவம் வேண்டும். ஆகவே உள்நாட்டில் தொட்டி வைப்பவருக்குக் கலவைதான் கடல்.

அந்தக் கலவையில் மாசு இருந்துவிட்டால் என்ன ஆகும்? உயிர்கள் சாகும் என்பது எளிய விடை. அந்தச் சாவுக்குக் காரணம் உப்புதான் என்று வளர்ப்பவரால் ஏன் நிறுவ முடிவதில்லை என்பதே எனக்கு முக்கியமான கேள்வி. உற்பத்தியாளரின் அலட்சியத்தைவிட, பிழையைத் தடம்பிடிக்க வழி வைக்காத விற்பனை முறையும் சட்ட நிலையுமே நம்பிக்கையை அதிகம் அரிக்கின்றன என்பது என் வாதம்.

முதலில் ஒரு வழக்கமான சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடியுடையது. பக்கத்திலேயே மலைமலையாக உப்பு குவிந்திருக்க, வாளி வாளியாக இறக்குமதிக் கலவை எதற்கு? விடை உப்பளத்துப் பாத்தியிலேயே இருக்கிறது. கடல்நீர் வெயிலில் வற்ற வற்ற முதலில் சுண்ணமும், பிறகு ஜிப்சமும் அடியில் படிந்துவிடுகின்றன. அடர்த்தி ஏறத்தாழ 25 டிகிரி போமேயைத் தாண்டும்போதுதான் சோடியம் குளோரைடு பூக்கத் தொடங்குகிறது. 29, 30 டிகிரியை நெருங்கியதும் எஞ்சிய கசப்புநீரை வெளியே விட்டுவிடுகிறார்கள்; விடாவிட்டால் உப்பு கசக்கும். மக்னீசியமும் பொட்டாசியமும் புரோமைடும் அந்தக் கசப்புநீரோடு போய்விடுகின்றன. வாரி அம்பாரமாகக் குவித்த உப்பு, கடலிலிருந்து வந்தாலும், கடல் அல்ல. கடல்நீரில் கிலோவுக்கு 1.28 கிராம் மக்னீசியமும் தலா 0.4 கிராம் அளவில் கால்சியமும் பொட்டாசியமும் உண்டு. பவளம் தன் கூட்டைக் கட்டுவது இந்தக் கால்சியத்தைக் கொண்டுதான். அதைத் தண்ணீரில் நிலைநிறுத்துவது மக்னீசியம். தவிர, நம் சமையலறைக்கு வரும் பொடியுப்பில் அயோடினும் பலவேளை கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் கலந்திருக்கும்.

ஆகக் கலவை தயாரிப்பவர் உப்பளம் பிரித்ததை மறுபடி ஒட்டவைக்கிறார். சோடியம் குளோரைடோடு மக்னீசியம் குளோரைடு, சோடியம் சல்பேட், கால்சியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு, பைகார்பனேட் என்று சேர்த்துக்கொண்டே போகிறார். 1960-களில் அமெரிக்காவில் இது வணிகப் பொருளானது. சேரும் ஒவ்வொரு பொருளும் தன் அழுக்கையும் உடன் கொண்டுவரும். தொழிற்சாலைத் தரம், உணவுத் தரம், மருந்துத் தரம் என்று விலை ஏறிக்கொண்டே போகும். போட்டி விலையோ கீழே இழுக்கும். சோடியம் குளோரைடு ஒழுங்காகவே இருந்து, கொஞ்சமாகச் சேரும் மக்னீசியம் குளோரைடு கெடுத்துவிடலாம். மூலப்பொருள் விற்பவரை மாற்றிய மாதத்தில் மட்டும் கெட்டு, அடுத்த மாதம் சரியாகியும் விடலாம். எனவே ‘இந்தக் கம்பெனி நல்லது, அந்தக் கம்பெனி மோசம்’ என்று தொட்டிக்காரர்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் தவறான அலகில் நடக்கும் பேச்சு. கெடுவது பேட்ச்.

எவ்வளவு அழுக்கு அதிகம் என்பதில் ஓர் அளவுக் குழப்பமும் உண்டு. ஒரு லிட்டர் கடல்நீருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. ஒரு கிலோ உப்பில் 1 மில்லிகிராம் செம்பு இருந்தால், கரைத்த ஒவ்வொரு லிட்டரிலும் 35 மைக்ரோகிராம் செம்பு வந்துவிடும். திறந்த கடலில் செம்பின் அளவு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவு. உணவு உப்புக்குப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 1985-ல் வகுத்த தரம் கிலோவுக்கு 2 மில்லிகிராம் செம்பு வரை அனுமதித்தது. நாளொன்றுக்குச் சில கிராம் உப்புத் தின்னும் மனிதனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதே உப்பைத் தொட்டியில் கரைத்தால் லிட்டருக்கு 70 மைக்ரோகிராம். பவளத்தின் கருவுறுதல் சில பத்து மைக்ரோகிராம் செம்பிலேயே தடைபடுகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வுகள் 1990-களிலேயே காட்டின. நாம் உப்பைத் தின்கிறோம்; பவளம் அதற்குள்ளேயே வாழ்கிறது. ‘உணவுத் தரம்’ என்ற முத்திரையைக் காட்டித் தொட்டிக்காரரைச் சமாதானப்படுத்துவது இதனால் பொருந்தாத வாதம். நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தண்ணீரிலுள்ள செம்பு முழுவதும் நஞ்சாக வேலை செய்வதில்லை, ஒரு பகுதியைக் கரிமப் பொருள்கள் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆய்வகச் சீட்டில் எண் பெரிதாக இருப்பதாலேயே அதைக் கொலைக் கருவி என்று சொல்லிவிட முடியாது.

இந்தக் கணக்கைத் தொட்டிக்குள் ஓட்டிப் பார்ப்போம். 200 லிட்டர் தொட்டி நல்ல உப்பில் தொடங்கி ஆறேழு மாதம் செழித்திருக்கிறது. புதிதாக வாங்கிய கெட்ட உப்பில் வாரம் 20 லிட்டர் தண்ணீர் மாற்றுகிறார் வீட்டுக்காரர். மாற்றும் நீரில் 70 மைக்ரோகிராம் செம்பு. எடுத்துக் கொட்டும் நீரோடு போவதைத் தவிர வேறெதுவும் வெளியேறாது என்று வைத்துக்கொண்டால் முதல் மாற்றத்துக்குப் பின் தொட்டியில் 7 மைக்ரோகிராம் கூடியிருக்கும். ஐந்தாவதுக்குப் பின் 29, பத்தாவதுக்குப் பின் 46. நத்தைகள் கண்ணாடியிலிருந்து விழுகின்றன, மென்பவளம் சுருங்குகிறது, இறால் தோலுரிக்கும்போதே சாகிறது. இரண்டு மாதத்துக்கு முன் பிரித்த உப்புப் பையை யார் சந்தேகிப்பார்? விளக்கு, வெப்பம், புதிதாக விட்ட மீன் என்று எல்லாவற்றையும் சந்தேகித்துவிட்டு, கடைசியில் எல்லோரும் சொல்லும் மருந்துக்குத்தான் வருவார்: ‘தண்ணியை மாத்துங்க.’ மாற்ற மாற்ற அதே உப்பு இன்னும் உள்ளே போகும். நோயும் மருந்தும் ஒரே பையிலிருந்து வருவதுதான் இதிலுள்ள கொடுமை. வீட்டில் வைத்திருக்கும் செம்புச் சோதனைப் பெட்டியும் கைகொடுக்காது. மீன் நோய்க்குச் செம்பு மருந்து ஊற்றும்போது லிட்டருக்குச் சில நூறு மைக்ரோகிராமை அளக்கச் செய்த பெட்டி அது. 30, 40 மைக்ரோகிராம் அதற்குப் பெரும்பாலும் ‘பூஜ்யம்’தான்.

இதை அளக்க முயன்றவர்கள் உண்டு. 1990-களின் பிற்பாதியில் ஆய்வாளர்கள் மார்லின் அட்கின்சனும் கிரெய்க் பிங்மனும் விற்பனையிலிருந்த பல கலவைகளைப் பகுத்து, பல உலோகங்கள் இயற்கைக் கடல்நீரில் இருப்பதைவிட மிகக் கூடுதலாக இருப்பதைக் காட்டினார்கள். சில ஆண்டுகள் கழித்து ரொனால்ட் ஷிமெக் புதிதாகக் கரைத்த கலவைகளில் கடல் முள்ளெலியின் இளம்புழுக்களை வளர்த்து, சிலவற்றில் அவை பிழைப்பதில்லை என்று எழுதினார். அவருடைய முறையை மறுத்து வேதியியலாளர்களும் எழுதினார்கள். அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அது அளவுகளோடும் மாதிரிகளோடும் நடந்த சண்டை என்பது. பின்னர் நுண்ணளவு உலோகங்களையும் அளக்கும் ஐ.சி.பி. கருவியில் தொட்டிநீரைப் பகுத்துத் தரும் வணிக ஆய்வகங்கள் ஜெர்மனியில் தோன்றிப் பரவின. அங்கேயும் நம்பிக்கை குலையத்தான் செய்தது. ஆனால் குலைந்த இடம் எது என்று விரல்வைத்துக் காட்ட முடிந்தது.

நம் ஊரில் விரல்வைக்க இடமில்லை. சாவுக்கு வேறு காரணங்களும் கூட்டாகச் சேரும். மக்னீசியம், கால்சியம் குளோரைடுகள் காற்றின் ஈரத்தை இழுப்பவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பை இறுகிக் கல்லானால், கால்சியமும் கார்பனேட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து, கரைக்கும்போது வெள்ளைப் படிவாக அடியில் நிற்கும். அது மாசு அல்ல, சேமிப்புக் குறை. பயணத்தில் குலுங்கிய பையில் கனமான பொடி கீழே போய், மேல்பாதியும் கீழ்ப்பாதியும் வேறு வேறு கலவையாக நிற்பதும் உண்டு. ஆர்.ஓ. சவ்வு பழசானால் போர்வெல் தண்ணீரின் கோளாறையும் உப்பின் தலையில் கட்டிவிடுவோம். இத்தனையையும் பிரித்தறிய ஒரே வழி, அதே பேட்ச் உப்பை வாங்கிய மற்றவர்களின் தொட்டி எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. அதற்கு எண் வேண்டும்.

அந்த எண் பொட்டலத்தில் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. எடையளவுச் சட்டத்தின் கீழ் வந்த 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகள் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, நிகர எடை, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, நுகர்வோர் தொடர்பு ஆகியவற்றைக் கேட்கின்றன. பேட்ச் எண்ணைக் கேட்பதில்லை. அதைக் கேட்பது உணவுச் சட்டமும் மருந்துச் சட்டமும். மளிகைக் கடையில் சில்லறைக் காசுக்கு வாங்கும் அயோடின் உப்பு எந்தத் தொகுதியில் வந்தது என்பது உறையில் அச்சாகியிருக்க வேண்டும். தயாரிக்கும் இடத்தில் 30 பங்கு, விற்கும் இடத்தில் 15 பங்கு என்று பத்து லட்சத்தில் அயோடினை எண்ணச் சொன்ன அரசு நம்முடையது. உப்பு ஆணையர் என்று தனிப் பதவியே வைத்திருக்கும் நாடு. ஆனால் உண்ணாத உப்பு என்றால் கண்டுகொள்ள ஆளில்லை. அசல் வாளியில் தயாரிப்பாளர் தானாக அச்சிட்ட எண் இருந்தாலும், கடைக்காரர் அதை ஒரு கிலோ, இரண்டு கிலோ உறைகளில் பிரித்து ஒட்டி விற்கும் கணத்தில் அது மறைந்துவிடும். சிறு ஊர்களில் முழு வாளி வாங்க எல்லோருக்கும் கட்டுபடியாகாது.

எண் மறைந்தாலும் சட்டம் முழுக்கக் கைவிட்டுவிடவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருள் மற்றொரு சொத்துக்கு விளைத்த சேதத்துக்கும் இழப்பீடு கேட்க வழி தந்திருக்கிறது. மீன் சட்டப்படி சொத்து. விற்றவர் பொருளை மாற்றியமைத்து அந்த மாற்றத்தால் கேடு வந்தாலோ, தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத நிலையிலோ, விற்றவரே பொறுப்பேற்க வேண்டும் என்கிறது 86-ஆம் பிரிவு. பெயரில்லா உறையில் போட்டுக் கொடுக்கும் கடைக்காரர் தயாரிப்பாளரின் இடத்தில் தானே போய் உட்கார்ந்துகொள்கிறார்; இதைக் கடைக்காரர்களில் எத்தனை பேர் யோசித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம். வளர்ப்பவர் தான் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை.

அப்படியும் முறையீடு எழாமல் போவதற்கு யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு காரணம் உண்டு. 2001 முதல் பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தும் கடல்விசிறிகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்து, விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என இரண்டு தீவுகளே நீருக்குள் போன வரலாறு உள்ள மாநிலத்தில் அந்தத் தடை நியாயமானது. தளர்த்தச் சொல்லி நான் வாதிடவில்லை. ஆனால் அதன் பக்கவிளைவைப் பார்க்க வேண்டும். தொட்டியில் ஒரே ஒரு துண்டு கல்பவளம் வைத்திருப்பவர் ‘உப்பால் என் பவளம் செத்தது’ என்று மனு எழுதினால் அது ஒப்புதல் வாக்குமூலம். இதனால் இந்தப் பொழுதுபோக்கின் குறைகள் ஆணையம் ஏறாமல் வாய்மொழியாகவே உலவுகின்றன. வதந்திக்கு மாதிரி தேவையில்லை, எதிர்வாதமும் இல்லை. நல்ல பேட்ச் விற்ற வியாபாரியும் கெட்ட பேட்ச் விற்ற வியாபாரியும் அதில் ஒரே தராசில் நிற்கிறார்கள்.

சட்டத்துக்கு வெளியே நிற்பவர்களின் உப்புக்கு நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். அட்டவணையில் இல்லாத மென்பவளங்களும், மண்டபம் போன்ற ஆய்வு நிலையங்கள் இனப்பெருக்கம் செய்து காட்டிய க்ளௌன் மீன்களும் வளர்ப்பவர்கள் எந்தத் தவறும் செய்யாதவர்கள். கடலிலிருந்து பிடிக்காமல் பண்ணையில் பெருக்கிய மீனையே வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு, அந்த மீன் வாழும் உப்பைக் கவனிக்காமல் விடுவது அரைகுறைக் கொள்கை. கலவை மீது நம்பிக்கை போனால் அவர்கள் திரும்பிப் பார்ப்பது கடலைத்தான். கேனோடு போகிறவர் பவளக் கல்லோடும் திரும்பக்கூடும்.

பரிசோதிக்க ஆய்வகம் எங்கே என்ற கேள்வி இந்த மாவட்டங்களில் எழக் கூடாது. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அங்கேயுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் 2002 முதல் பவளத்தை மீள நட்டுவருகிறது. உள்ளூர் உப்பில் நுண்நெகிழித் துகள்களைக் கணக்கிட்டு, போர்வெல் நீரில் விளைந்த உப்பைவிடக் கடல்நீர் உப்பில் அவை கூடுதல் என்று வெளியிட்டதும் அதே நிலையம்தான். ஓர் உப்பின் துகளை எண்ணத் தெரிந்த ஊருக்கு இன்னோர் உப்பின் செம்பை அளப்பது எட்டாத வேலையில்லை.

எட்டாமல் இருப்பது மாதிரிதான். நுகர்வோர் சட்டத்தின் 38-ஆம் பிரிவுப்படி ஆணையம் பொருளின் மாதிரியை வாங்கி, முத்திரையிட்டு, ஏற்புடைய ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாளில் அறிக்கை கேட்கலாம். ஆனால் ஒரு கிலோ உறை 28 லிட்டர் தண்ணீரோடு தீர்ந்துவிடும். மேலே போட்ட கணக்கின்படி, சாவு தொடங்கும்போது அதற்குக் காரணமான உப்பில் பெரும்பகுதி வீட்டில் இருக்காது. தொட்டிநீரில் இருப்பதைச் சாட்சியாகக் காட்டினால் எதிர்த்தரப்பு குழாயையும் மோட்டாரையும் கைகாட்டும். மருந்து தயாரிப்பவர்கள் ஒவ்வொரு பேட்சிலிருந்தும் மாதிரி எடுத்துக் காலாவதிக்குப் பின்னும் வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கடலுப்புக் கலவை இறக்குமதி செய்பவரும் பேட்சுக்கு 200 கிராமை முத்திரையிட்டு இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும், பிரித்து விற்பவர் வாளியின் எண்ணை உறையில் எழுத வேண்டும் என்று பொட்டலப் பொருள் விதிகளின் 6-ஆம் விதியை ஒட்டி இரண்டு வரி சேர்த்தால் போதும். அதுவரை வளர்ப்பவர் தன் பங்குக்குச் செய்யக்கூடியது, புதுப் பையை முழுக்கக் கிளறிக் கலந்துவிட்டு, தொட்டிக்கு ஒரு பிடி போடும் முன்பே 100 கிராமைக் காற்றுப்புகாத டப்பாவில் அடைத்து, வாங்கிய ரசீதையும் அதோடு போட்டு வைப்பது.