சிங்காசனக் காட்சி (மட்டக்களப்பு வாவிக்கரை)

விவிலிய இறைவாக்கினர்களான ஏசாயாவும் எசேக்கியேலும் கடவுளை அவருடைய அரியணையில் கண்டதாகச் சொல்லும் தரிசனங்கள் ‘சிங்காசனக் காட்சி’ எனப்படும். மட்டக்களப்பு வாவிக்கரைக் கிறிஸ்தவர்களின் வழிபாட்டில் இது அச்சு வேதாகமம், திருப்பலி, ஞானப்பாட்டு ஆகிய மூன்றின் வழியாகவும் இடம்பெற்றது.

ஏசாயா நூலின் 6ஆம் அதிகாரம் உசியா அரசன் இறந்த ஆண்டைக் குறித்தே தொடங்குகிறது. ஏறத்தாழ கி.மு. 740. அசீரியப் பேரரசு மேற்கே பரவிக்கொண்டிருந்த காலம். யூதாவின் அரியணையில் நெடுங்காலம் இருந்தவன் போய்விட்டான். அந்த ஆண்டில்தான் ஏசாயா ஆலயத்தில் உயர்ந்த சிங்காசனத்தைக் காண்கிறார். ஆறு சிறகுள்ள சேராபீன்கள் முகத்தையும் கால்களையும் மூடியபடி பறந்து, கடவுளின் தூய்மையை மும்முறை அறிவிக்கின்றன. நிலைக்கால்கள் அதிர்கின்றன, ஆலயம் புகையால் நிறைகிறது. தம் உதடுகள் அசுத்தமானவை என்று கலங்கும் மனிதரின் வாயைப் பலிபீடத்து நெருப்புத்தணல் தொடுகிறது. யாரை அனுப்புவது என்ற கேள்விக்கு அவர் தம்மையே ஒப்புக்கொடுக்கிறார்.

பிரசங்கங்கள் பெரும்பாலும் இந்த 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகின்றன. அதனால் காட்சியின் பாதிப் பொருள் இழக்கப்படுகிறது. மக்கள் கேட்டும் உணரமாட்டார்கள், நகரங்கள் ஆளில்லாமல் பாழாகும், வெட்டுண்ட மரத்தின் அடிக்கட்டை மட்டும் மிஞ்சும், அதிலேதான் தூய வித்து இருக்கும் என்று அதிகாரம் தொடர்கிறது. அரசன் இல்லாத ஆண்டில் தொடங்கிய காட்சி, ஊரே இல்லாமற்போகும் காலம்வரை நோக்குகிறது.

அந்தக் காலத்துக்குள்ளேயே வாழ்ந்தவர் எசேக்கியேல். கி.மு. 597இல் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களுள் ஒருவர். கி.மு. 593 அளவில், கேபார் கால்வாயோரத்தில், அகதிகளின் நடுவே அவர் கண்ட சிங்காசனத்துக்குக் கண்கள் நிறைந்த சக்கரங்கள் இருந்தன. நான்கு முகமுள்ள உயிர்கள் அதனோடு நகர்ந்தன. எருசலேம் ஆலயம் அப்போது இடிபடவில்லை. ஆனாலும் கடவுளின் அரியணை ஒரு கட்டடத்தோடு கட்டுண்டதல்ல என்பதும், ஊரிழந்தவர்கள் இருக்கும் இடத்துக்கே அது வரும் என்பதும் அந்தச் சக்கரங்களில் தெளிவாகிவிட்டன. பின்னாளில் தானியேல் 7, திருவெளிப்பாடு 4 ஆகியன இக்காட்சியை விரித்தன. யூத மன்றாட்டும் கிறிஸ்தவத் திருப்பலியும் சேராபீன்களின் மும்முறைப் போற்றியைத் தமதாக்கிக்கொண்டன.

மட்டக்களப்பில் போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை எழுப்பினர். 1638இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. ஒல்லாந்தர் ஆட்சியில் ஒடுக்கப்பட்ட இலங்கைக் கத்தோலிக்கத்தை 1687இல் வந்த புனித யோசேப்பு வாசும் அவருக்குப் பின்வந்த கோவாக் குருக்களும் காத்தனர். திருப்பலியின் மும்முறைத் தூயவர் 1960கள் வரை இலத்தீனிலேயே ஒலித்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்னரே தமிழானது.

சீர்திருத்த சபையாருக்கு அது முன்பே தமிழில் கிடைத்தது. தரங்கம்பாடியில் 1720களில் பழைய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. 1814இல் காலியில் வந்திறங்கிய மெதடிஸ்த மிஷனரிமாருள் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். கடற்பயணத்தில் மனைவியை இழந்து வந்தவர் அவர். பள்ளிகளைத் தொடங்கி, ஓராண்டும் நிறையாமல் 1815 ஏப்பிரலில் இறந்தார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி அவர் பணியிலிருந்து வளர்ந்தது. பீற்றர் பேர்சிவலும் ஆறுமுக நாவலரும் யாழ்ப்பாணத்தில் உழைத்த தமிழ் வேதாகமம் 1850இல் வெளியானது. 1825இல் இலங்கைக்கும் வந்துசென்ற கல்கத்தா ஆயர் ரெஜினால்ட் ஹீபர், திரித்துவ ஞாயிறுக்கென்று சிங்காசனக் காட்சியை வைத்து ஒரு பாட்டு எழுதியிருந்தார். 1826 ஏப்பிரல் 3இல் அவர் திருச்சிராப்பள்ளியில் இறந்த பிறகு, அது உலகெங்கும் பரவித் தமிழ் ஞானப்பாட்டாகவும் ஆனது.

இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலம் இக்காட்சியை வாவிக்கரை மக்களின் வாழ்வுக்கு மிக அருகே கொண்டுவந்தது. புளியந்தீவு புனித மரியாள் ஆலயப் பங்குத்தந்தை சந்திரா பெர்னாண்டோ 1988 யூன் 6இல் கொல்லப்பட்டார். அமெரிக்க இயேசுசபைக் குரு யூஜின் ஹேபியர் 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், அதே புனித மரியாள் ஆலயத்தினுள் சுட்டுக்கொல்லப்பட்டார். தூயவர் பாடப்படும் இடத்திலேயே இரத்தம் சிந்தப்பட்டது. ஊர்விட்டு ஊர் ஓடி, பள்ளிகளிலும் கோயில்களிலும் தங்கிய மக்களிடையே இறைவாக்கினர் நூல்களைப் படிப்பவர், கேபார்க்கரை அகதிகளைத் தொலைவில் தேடவேண்டியதில்லை.

கத்தோலிக்க ஞாயிறு வாசக வரிசையில் ஏசாயா 6 மூன்றாண்டுக்கு ஒருமுறை, பொதுக்கால 5ஆம் ஞாயிறன்று வருகிறது. 2019இல் அந்த ஞாயிறு பெப்ரவரி 10. சரியாகப் பத்து வாரங்களின்பின், ஏப்பிரல் 21 உயிர்ப்புப் பெருவிழாவன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் தற்கொலைக் குண்டு வெடித்தது. இறந்தவர்களுள் ஞாயிறு பாடசாலை முடித்து வந்த சிறுவர்கள் பலர். பாதுகாப்புக் கருதி அடுத்த ஞாயிறு நாடெங்கும் கத்தோலிக்க ஆலயங்களில் மக்கள் கூடும் திருப்பலி நிறுத்தப்பட்டது. 2022இல் ஏசாயா 6 மீண்டும் ஞாயிறு வாசிப்புக்கு வந்த நாள் பெப்ரவரி 6.