மேய்ச்சல் கோழிகளின் இளம்பருவ வளர்ப்பு

மேய்ச்சல் கோழிகளின் இளம்பருவ வளர்ப்பு என்பது, திறந்தவெளியில் மேயவிருக்கும் கோழிகளைக் குஞ்சு பொரித்த நாள் முதல் வெளியே விடும் வரை பராமரிக்கும் முறையாகும். முட்டைக் கோழியின் நலம் அது மேயும் நிலத்தை மட்டும் பொறுத்ததன்று. முதல் சில வாரங்களில் அது பெறும் பழக்கங்களையும் பொறுத்தது.

தாய்க்கோழியின் பங்கு

அடைவைத்த முட்டைகள் ஏறத்தாழ 21 நாட்களில் பொரிக்கின்றன. குஞ்சுகள் தாயின் இறகுக்குள் வெப்பம் பெறுகின்றன. அதன் குரலைக் கேட்டு இரை தேடவும், பருந்தைக் கண்டால் பதுங்கவும் பழகுகின்றன. ஊர்ப்புறங்களில் காகம், கீரி முதலியவற்றிடமிருந்து காக்கத் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தால் மூடிவைப்பர்.

செயற்கை அடைகாப்பு

பொரிப்பகக் குஞ்சுகளுக்குத் தாய் இல்லை. முதல் வாரத்தில் சுமார் 35 பாகை செல்சியசு வெப்பம் அளித்து, வாரந்தோறும் ஏறத்தாழ 3 பாகை குறைக்கப்படுகிறது. குளிரினால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி மூச்சுத்திணறி இறப்பதுண்டு. வெப்பம் மிகுந்தால் விளக்கை விட்டு விலகி வாய் திறந்து மூச்சு வாங்கும்.

பழக்கங்கள் பதியும் காலம்

கிளறிக் கொத்துவது கோழியின் இயல்பு. தொடக்கத்திலேயே கூளம் கிடைக்காத குஞ்சுகள் பிற்காலத்தில் பிற கோழிகளின் இறகைக் கொத்தும் வாய்ப்பு அதிகம். 4 வார வயதுக்குள் உட்காரும் கட்டைகளில் ஏறிப் பழகிய கோழிகள் தரையில் முட்டையிடுவது குறைவு எனச் சுவீடன் நாட்டு ஆய்வுகள் காட்டின. இளவயதில் வெளியே சென்று பழகியவை பின்னர் மேய்ச்சல் நிலத்தை மிகுதியாகப் பயன்படுத்துகின்றன.

கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 இல் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இதன் மேற்கே மலையாளிப் பழங்குடியினர் வாழும் கல்வராயன் மலை உள்ளது. இங்கு இரவுக்குளிர் சமவெளியைவிட மிகுதி. எனவே இறகு முளைக்கும் வரை வெப்பம் இன்றியமையாதது. தமிழ்நாடு அரசின் புறக்கடைக் கோழித் திட்டங்களில் கிராமப்புறப் பெண்களுக்கு 4 வாரக் குஞ்சுகள் வழங்கப்பட்டுள்ளன. இவ்வயதில் குஞ்சு வெப்பத் தேவையைப் பெரும்பாலும் கடந்திருக்கும். ஆனால் அதன் பழக்கங்கள் பலவும் முன்னரே பதிந்திருக்கும். ஆகவே பொரிப்பகத்திலும் வளர்ப்பகத்திலும் கூளமும் கட்டையும் அளிப்பது, பின்னர் அதை வாங்கி வளர்ப்பவரால் ஈடுசெய்ய இயலாத பணியாகும். கோழிக்கழிச்சல் நோய்க்கான முதல் தடுப்பு மருந்தும் முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக விடப்படுகிறது.

சட்டம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999 ஆம் ஆண்டு நெறிமுறை, வசதியற்ற கூண்டுகளை 2012 முதல் தடை செய்தது. எனினும் அது முட்டையிடும் பருவத்தை எட்டிய கோழிகளையே குறிக்கிறது. குஞ்சுப் பருவம் அதன் வரம்புக்கு வெளியே நிற்கிறது.

இவற்றையும் பார்க்க

நாட்டுக் கோழி
அசீல் கோழி
கல்வராயன் மலை