புதுக்கோட்டைக்கும் சிட்னிக்கும் எவ்வளவு தூரம்?



உலக உருண்டை ஒன்றை எடுத்து, நம்ம ஊருக்கும் சிட்னிக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். அதுதான் வானவழி நேர்தூரம்: சுமார் 9,070 கி.மீ. சுவரில் தொங்கும் மேப்பில் ஸ்கேல் வைத்து அளந்தால் இந்தக் கணக்கு வராது.

இந்த நூலில் நம் சமஸ்தானத்தின் கதை ஒன்றும் கோத்துக் கிடக்கிறது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915 ஆகஸ்டு 10-ல் மெல்போர்னில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்தார். பிறகு மனைவியோடு ஊர் திரும்பினார். அப்போது பயணிகள் விமானம் ஏது? கப்பல்தான், வாரக்கணக்கில் கடல். அவ்வளவு தூரம் வந்தும் ஓராண்டுகூட இங்கே நிலைக்க முடியவில்லை. மோலியை மகாராணியாக ஆங்கில அரசு ஏற்கவில்லை. 1916-ல் இருவரும் ஆஸ்திரேலியாவுக்கே போய்விட்டார்கள். அந்த ஆண்டு சிட்னியில் பிறந்த மகனுக்கு மார்த்தாண்ட சிட்னி என்று பெயர். அவனுக்கும் வாரிசுரிமை கிடைக்கவில்லை.

இதற்கிடையே வானத்தில் வழி திறந்தது. 1919 நவம்பர் 12-ல் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள், இரண்டு மெக்கானிக்குகளுடன் கராச்சி, டெல்லி, கல்கத்தா வழியாக டிசம்பர் 10-ல் ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கினார்கள். 28 நாள்! 1947 டிசம்பரில் குவாண்டாஸ் நிறுவனம் சிட்னி–லண்டன் சேவையைத் தொடங்கியபோது அந்தப் பயணம் நாலே நாளாகச் சுருங்கியது.

நம் மன்னர் அதைப் பார்க்க இல்லை. ஆட்சியை விட்டு விலகி, பிரான்சில் வாழ்ந்து, 1928 மே 28-ல் பாரீசில் காலமானார். தகனமும் லண்டனில்தான் நடந்தது. ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமான் பட்டத்துக்கு வந்தார்.

இன்றைய கணக்கைப் பாருங்கள். திருச்சி–சிங்கப்பூர் சுமார் 2,980 கி.மீ.; சிங்கப்பூர்–சிட்னி சுமார் 6,290. கூட்டினால் 9,270. திருச்சி–சிட்னி நேர்க்கோடோ 9,105. ஆக, சிங்கப்பூர் வழியாகப் போவது பெரிய சுற்று ஒன்றுமில்லை. நல்ல இணைப்பு கிடைத்தால் ஒரு நாளுக்குள் போய்ச் சேரலாம்.

தூரம் ஓர் அங்குலமும் குறையவில்லை, நேரம்தான் குறைந்தது. மன்னரைத் தடுத்தது கிலோமீட்டரும் அல்ல, கடலும் அல்ல. "இவள் நம்மவள் இல்லை" என்ற ஒரு முடிவுதான்.

என் தங்கை மகனும் ஆஸ்திரேலியப் பெண்ணைத்தான் கட்டினான். "ஊருக்குக் கூட்டிக்கிட்டு வராதே"ன்னு வீட்டில் ஒரு பேச்சு கிளம்பியது. எல்லோரையும் உட்கார வைத்து இந்தக் கதையைச் சொன்னேன். அடுத்த பொங்கலுக்கு இருவரும் வந்தார்கள். எங்க அம்மா அவளுக்குக் கோலம் போடச் சொல்லிக் கொடுத்தார்கள்.

கடல் கடந்து வாழும் நண்பர்களே, அடுத்த சந்திப்புக்குத் தனியாக வராதீர்கள். உங்கள் வீட்டு மருமகள், மருமகன் எந்த நாட்டவராயினும் அழைத்து வாருங்கள். பந்தியில் அவர்களுக்கும் ஓர் இலை உண்டு.