நாடாவில் விடுபட்ட முடிவு

நேயர்களே, இந்தத் தொடரில் நூல்களைப் பற்றியே அதிகம் பேசியிருக்கிறேன். இன்று ஓர் இசைத்தட்டைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். இசைத்தட்டுக்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு படைப்பு எந்த இடத்தில் முடிகிறது, அதை முடித்துவைத்தவர் யார் என்ற கேள்வி இரண்டுக்கும் பொதுவானதுதான்.

1978ஆம் ஆண்டு என்று நினைவு. அதற்கு முந்திய வருடம் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டிருந்தன. கொழும்பில் வீடுகளுக்குக் கசெற் றெக்கோடர்கள் வரத் தொடங்கிய காலம். அதுவரை என்னுடைய ஜாஸ் அறிவெல்லாம் சிற்றலையில் ‘அமெரிக்காவின் குரல்’ தந்ததுதான். வில்லிஸ் கொனோவர் என்ற அறிவிப்பாளர் 1955 முதல் அதில் ஜாஸ் நிகழ்ச்சி நடத்திவந்தார். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவர்க்கும் விளங்கும்படி நிறுத்தி நிறுத்திப் பேசுவார். அலை ஏறி இறங்கும். ட்ரம்பெற் ஓசை மழைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்து மறையும்.

வெள்ளவத்தையில் எனக்கொரு நண்பன் இருந்தான். அவனுடைய மாமா லண்டனிலிருந்து கொண்டுவந்த தட்டுகளில் ஒன்று மைல்ஸ் டேவிஸின் ‘இன் எ சைலன்ட் வே’. மௌனமான ஒரு வழியில் என்று பொருள் கொள்ளலாம். தட்டை இரவல் தர அவனுக்கு மனமில்லை. பதிந்து தருகிறேன் என்றான்.

“மச்சான், அறுபது நிமிச நாடாதான் கிடக்கு. போறமட்டும் போகட்டும்.”

அறுபது நிமிட நாடாவில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். தட்டு முப்பத்தெட்டு நிமிடம். மறுபக்கத்தில் அவனுடைய அக்கா விரும்பிக் கேட்கும் சினிமாப் பாட்டுகள் இருந்தன. அதில் கைவைக்க எவருக்கும் துணிவில்லை. ஆகவே என்னுடைய ‘இன் எ சைலன்ட் வே’ தட்டின் இரண்டாம் பக்கத்தில், பாதி வழி தாண்டிய ஓரிடத்தில், ‘டக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிடும். ஐந்து வருடங்கள் அப்படித்தான் கேட்டேன். அந்த ‘டக்’ கூட எனக்கு இசையின் ஓர் அங்கமாகிவிட்டது.

1983 ஜூலையில் நாடாவும் போயிற்று, அது இருந்த வீடும் போயிற்று. அதைப் பற்றி இங்கே நீட்டிச் சொல்லப்போவதில்லை. நாடாவைவிடப் பெரியவற்றை அந்த மாதத்தில் இழந்தவர்கள் பலர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அண்ணா லண்டனிலிருந்து ஓர் இறுவட்டு அனுப்பினார். அதே தட்டின் மீள்வெளியீடு. என் ‘டக்’ வரும் இடத்தைத் தாண்டியும் இசை போய்க்கொண்டிருந்தது. அதுவரை அடக்கி வாசித்துக்கொண்டிருந்த டோனி வில்லியம்ஸின் ட்ரம்ஸ், மைல்ஸின் ட்ரம்பெற்றுக்குக் கீழே அணை உடைந்தாற்போல் பெருகியது. பின் எல்லாம் அடங்கிற்று. அந்தப் பக்கத்தின் தொடக்கத்தில் ஜோன் மக்லோக்லினின் கிற்றார் தயங்கித் தயங்கித் தொடுகின்ற அந்த மெட்டு, தொடங்கிய விதமாகவே மீண்டும் வந்தது. போனவர் திரும்பி வந்து வாசலில் நிற்பதைப்போல இருந்தது. எத்தனையோ நாள் கேட்ட இசைக்கு இப்படியொரு முடிவு இருந்தது என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

அதற்குப் பிறகுதான் இந்த மீள்வெளியீடுகளைச் சேர்க்கின்ற பித்து என்னைப் பிடித்தது. அதிலே நான் முதலில் கற்றுக்கொண்ட செய்தி என்னைச் சற்றே ஏமாற்றியது என்றும் சொல்லவேண்டும். முடிவில் திரும்பி வருகின்ற அந்த மெட்டை எவரும் திரும்ப வாசிக்கவில்லை! அது தொடக்கத்தில் வாசித்த அதே ஒலிப்பதிவின் பிரதி. நாடாவைப் பிரதியெடுத்து, வெட்டி, வால்பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். முதற் பக்கத்திலும் இதே வேலைதான்: தொடக்கத்தின் ஏறக்குறைய ஆறு நிமிடங்களே முடிவிலும் வருகின்றன. 1969 பெப்ரவரி 18ஆம் திகதி நியூயோர்க்கில் எட்டுப்பேர் கூடி வாசித்ததில் தட்டுக்குப் போனது உண்மையில் சுமார் 28 நிமிடங்கள். எஞ்சிய பத்து நிமிடங்களும் ஒட்டுவேலை.

ஒட்டியவர் ரியோ மசேரோ. கொலம்பியா நிறுவனத்தின் தயாரிப்பாளர். தாமே சக்ஸபோன் வாசித்தவர், இசை அமைத்தவர். ஐம்பதுகளில் சார்ள்ஸ் மிங்கஸோடு சேர்ந்து வாசித்தவர். சவர பிளேட்டும் ஒட்டு நாடாவும் அவருடைய வாத்தியங்கள் என்றால் மிகையில்லை. அதே ஆண்டு ஓகஸ்ட் 19, 20, 21ஆம் திகதிகளில் பதியப்பட்டு 1970இல் வெளிவந்த ‘பிட்சஸ் ப்ரூ’வில் அவருடைய கை இன்னும் துணிந்து இறங்கியது. அதன் முதல் உருப்படியான ‘ஃபேரோஸ் டான்ஸ்’ பத்தொன்பது வெட்டுகளால் ஆனது என்று ஆராய்ந்தவர்கள் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். ஜாஸ் இசையையும் றொக் இசையையும் பிணைத்த நூல் எது என்று கேட்டால் பலர் மின்சாரக் கிற்றார் என்பார்கள். நான் அந்த ஒட்டு நாடாவையும் சேர்த்துச் சொல்வேன்.

மைல்ஸ் டேவிஸ் 1991இல் காலமானார். அடுத்த பதினாறு வருடங்களில் அவருடைய நாடாக்கள் பெட்டி பெட்டியாக வெளிவந்தன. 1998இல் ‘பிட்சஸ் ப்ரூ’ பதிவுகள் நான்கு தட்டுகளில். 2001இல் ‘இன் எ சைலன்ட் வே’ பதிவுகள் மூன்று தட்டுகளில். 2003இல் ‘ஜாக் ஜோன்சன்’ பதிவுகள் ஐந்தில். 2005இல் வாஷிங்டனின் ‘செலர் டோர்’ விடுதிக் கச்சேரிகள் ஆறில். 2007இல் ‘ஒன் த கோர்னர்’ பதிவுகள் ஆறில். ஓய்வூதியக்காரன் ஒருவனின் கைக்கு எட்டும் விலையல்ல இவை. எப்படிச் சேர்த்தேன் என்று என் மனைவி இந்த நிகழ்ச்சியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமலிருப்பது நல்லது.

மசேரோ இந்தப் பெட்டிகளை விரும்பவில்லை. பேட்டிகளில் வெளிப்படையாகவே எதிர்த்தார். 2008இல் இறக்கும்வரை அவர் அந்த நிலையிலிருந்து மாறியதாகத் தெரியவில்லை. வெட்டி எறிந்தது எறிந்ததாகவே இருக்கவேண்டும் என்பது அவர் கட்சி. எனக்கு அதிலே பாதி நியாயம் தெரிகிறது. சிறுகதை ஆசிரியன் கிழித்துப்போட்ட தாள்களைக் குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கி, ‘முழுமையான பதிப்பு’ என்று அச்சிட்டால் எப்படியிருக்கும்? அதுவும் ‘பிட்சஸ் ப்ரூ’ பெட்டியில் ‘முழுமை’ என்ற சொல் பொருந்தவே இல்லை. ஓகஸ்ட் மாதத்து மூன்று நாட்களின் வெட்டப்படாத நாடா அதில் இல்லை. அதற்குப் பதில் அடுத்த ஆண்டு பெப்ரவரிவரை வேறு ஆட்களோடு, சிதாரும் தபேலாவும் சேர்த்துப் பதிந்தவையெல்லாம் உள்ளே நுழைந்திருக்கின்றன. கேட்பதற்கு நல்லவைதான். ஆனால் வேறு வீட்டுப் பிள்ளைகள்.

மறுபாதி நியாயம் பெட்டிகளின் பக்கம் இருக்கிறது. 2001இன் தொகுப்பில் ‘இன் எ சைலன்ட் வே’யின் ஒத்திகை ஒன்று உண்டு. அந்த மெட்டை அமைத்தவர் வியன்னாவில் பிறந்த ஜோ சாவினுல். அவர் அதைச் சுரக்கூட்டுகள் நிறைந்ததாக எழுதியிருந்தார். ஒத்திகையில் அந்தச் சுரக்கூட்டுகள் இருக்கின்றன. கீழே ஒரு மெல்லிய லத்தீன் அமெரிக்கத் தாள ஆட்டமும் இருக்கிறது. அழகாகவே இருக்கிறது, ஆனால் எங்கேயோ கேட்டதுபோலவும் இருக்கிறது. மைல்ஸ் அத்தனையையும் கழற்றி எறிந்துவிட்டு மெட்டை மட்டும் வைத்துக்கொண்டார். இங்கிலாந்திலிருந்து வந்து சில நாட்களே ஆகியிருந்த மக்லோக்லினிடம், கிற்றார் வாசிக்கத் தெரியாதவனைப்போல் வாசிக்கும்படி சொன்னார் என்பது பிரசித்தமான கதை. ஒத்திகையைக் கேட்டபிறகு முடிந்த வடிவத்தைக் கேளுங்கள். நீக்குவதும் ஒரு வகை எழுத்து என்பது உங்கள் காதுக்குத் தெரியும்.

‘செலர் டோர்’ பெட்டி வேறு வகையில் பயன்பட்டது. 1970 டிசம்பர் 16 முதல் 19 வரை நான்கு இரவுகள் நடந்த கச்சேரிகள். இவற்றிலிருந்து வெட்டியெடுத்த பகுதிகளை 1971இல் வந்த ‘லைவ்-ஈவில்’ தட்டில் கேட்டிருந்தோம். அதில் மக்லோக்லின் ஓங்கி வாசிப்பதைக் கேட்டு அவரை அந்தக் குழுவின் நிரந்தர உறுப்பினர் என்றே நினைத்திருந்தேன். பெட்டி வந்தபிறகுதான் தெரிந்தது, அவர் கடைசி இரவுமட்டும் வந்து சேர்ந்தவர். முதல் மூன்று இரவுகளிலும் கிற்றாரே இல்லை. கீத் ஜரெற்றின் மின்சாரப் பியானோ அந்த இடத்தை நிரப்பிற்று. இப்படிப்பட்ட தவறான எண்ணத்தைத் திருத்த எந்த விமர்சகராலும் முடியாது. மூல நாடாவால்தான் முடியும்.

ஏட்டுச்சுவடி பதிப்பித்த நம்மவர்களை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, தொட்டால் ஒடிகின்ற ஏடுகளைப் பற்றி எழுதிய வேதனையைத் தமிழ் படித்தோர் அறிவர். ஒலிநாடாவுக்கும் அதே கதிதான். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தயாரான சில வகை நாடாக்களில் காந்தத்தூளைப் பிடித்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓடவிட்டால் இசை தூளாக உரிந்து வரும். அதனால் நாடாவைச் சுமார் 54 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மணிக்கணக்காகச் சுட்டு ஈரத்தைப் போக்கி, பசை மீண்டும் இளகுவதற்குள் ஓடவிட்டுப் பிரதியெடுக்கிறார்கள். ஆம், கிட்டத்தட்ட பாண் போறணை வேலை! தீ நாடாவைக் காப்பதும் உண்டு, கொண்டுபோவதும் உண்டு. 2008 ஜூன் 1ஆம் திகதி ஹொலிவூட்டில் யூனிவர்சல் வளாகத்தில் பற்றிய நெருப்பில் ஜாஸ் உட்பட மூல நாடாக்கள் அழிந்தன. நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை 2019இல் அதை விரிவாக எழுதும்வரை வெளியுலகுக்கு அதன் பாரதூரம் தெரியாது. அழிந்தவை எவ்வளவு என்பதில் நிறுவனத்துக்கும் பத்திரிகைக்கும் உடன்பாடு இல்லை. நான் அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை படிக்கவில்லை.

கண்டெடுத்த கதை ஒன்றும் சொல்லவேண்டும். மக்லோக்லினின் மகாவிஷ்ணு ஓர்க்கெஸ்ட்ரா 1973 ஜூனில் லண்டன் ட்ரைடன்ட் கூடத்தில் ஒரு தட்டுக்காகப் பதிவுசெய்தது. குழுவுக்குள் அப்போதே பிணக்கு. எல்லா உருப்படிகளும் ஒருவர் பெயரிலேயே வருகின்றன என்பதும் அதில் ஒன்று. தட்டு வெளிவரவில்லை. அதற்குப் பதில் ஓகஸ்டில் நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கில் வாசித்த கச்சேரியை வெளியிட்டார்கள். ஆண்டு முடியக் குழுவும் முடிந்தது. கால் நூற்றாண்டுக்குப் பின் பொப் பெல்டன் என்பவர் வேறொரு மீள்வெளியீட்டுக்காகக் கொலம்பியாவின் களஞ்சியத்தில் தேடுகையில் அந்த நாடா அகப்பட்டது. ‘பிட்சஸ் ப்ரூ’ பெட்டியைத் தயாரித்தவரும் இவர்தான். 1999இல் தட்டு வந்தது. வயலின் ஜெரி குட்மன், கீபோர்ட் யான் ஹமர், பேஸ் கிற்றார் றிக் லெயார்ட் ஆகிய மூவருக்கும் அதில் ஆளுக்கோர் உருப்படி இருக்கிறது. பிணக்குத் தீர வழி தேடியிருக்கிறார்கள், தீரவில்லை. இதற்கு மசேரோவின் வாதம் பொருந்தாது. ஆக்கியவர்கள் எறிந்ததல்ல இது, சண்டையில் கைதவறிப் போனது. இதை வெளியிட்டது சரி என்பதே என் தீர்ப்பு.

அந்தக் குழு உடைந்தபின் மக்லோக்லின் மின்சாரத்தை விட்டு ‘சக்தி’க்கு வந்தார். முதல் தட்டு 1975 ஜூலை 5ஆம் திகதி லோங் ஐலன்டில் ஒரு கல்லூரிக் கச்சேரியில் பதிந்து 1976இல் வந்தது. தபேலா சாகிர் ஹுசைன், கடம் விநாயக்ராம், மிருதங்கம் ராமநாதபுரம் ராகவன், வயலின் எல். சங்கர். சங்கரின் தந்தையார் வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். பிள்ளைகளின் இளமை அங்கேதான் கழிந்தது. 1958 கலவரத்தின் பின் குடும்பம் சென்னைக்குப் போயிற்று. இதை அறிந்த நாளிலிருந்து அந்தத் தட்டில் அவருடைய வயலின் எனக்கு வேறுவிதமாகக் கேட்கிறது. இது நியாயமான இசை விமர்சனம் அல்ல என்று தெரியும். தெரிந்தும் கேட்கிறேன்.

சென்ற வருடம் ரொறன்ரோவிலிருக்கும் அந்த வெள்ளவத்தை நண்பனோடு தொலைபேசியில் நெடுநேரம் பேசினேன். அவனுடைய தட்டும் 1983இலேயே போய்விட்டது. பெட்டித் தொகுப்புகளைப் பற்றிச் சொன்னேன், ஒத்திகையைப் பற்றிச் சொன்னேன், ஒட்டப்பட்ட முடிவைப் பற்றியும் சொன்னேன். ஐந்து வருடம் அந்த முடிவு தெரியாமலே கேட்டிருக்கிறேன் என்றேன்.

அவன் சற்று நேரம் பேசவில்லை.

“அக்கான்ர பாட்டை அழிச்சுப்போட்டு மிச்சத்தையும் பதிஞ்சிருக்கலாம்” என்றான். பிறகு கேட்டான்: “அந்தச் சினிமாப் பாட்டுகள் என்னென்ன எண்டு உனக்கு நினைவிருக்கே? அவ இப்பவும் கேக்கிறவ.”

எனக்கு இரண்டு பாட்டுகள்தான் நினைவில் இருந்தன. சொன்னேன். அவன் எழுதிக்கொண்டான்.