இதயச் செயலிழப்பில் கால் நிணநீர் ஓட்டப் படமெடுப்பு

இதயம் போதிய அளவு இரத்தத்தை இறைக்க முடியாதபோது காலில் நீர் சேரும். அந்த நீரை நிணநாளங்கள் எந்த வழியாக, எவ்வளவு வேகத்தில் மேலேற்றுகின்றன என்று கண்டறியும் சோதனைகளின் பொதுப்பெயரே கால் நிணநீர் ஓட்டப் படமெடுப்பு. யானைக்கால் நோய்க்காகவும் புற்றுநோய் அறுவைக்குப் பின் வரும் வீக்கத்துக்காகவும் வளர்ந்த இம்முறைகள், இதய நோயில் இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சி அளவிலேயே உள்ளன.

நீர் கோக்கும் விதம்

தந்துகிகளிலிருந்து நீர் கசிவதை நிர்ணயிக்கும் அழுத்தங்களை எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1896இல் விளக்கினார். கசிந்த நீரில் பெரும்பகுதி சிரைக்கே திரும்புவதாக நெடுங்காலம் கருதப்பட்டது. 2010இல் லெவிக், மிஷெல் ஆகியோர் வெளியிட்ட திருத்தத்தின்படி, பெரும்பாலான திசுக்களில் நீரைத் திருப்பி அனுப்பும் முக்கிய வழி நிணநாளமே.

இதயச் செயலிழப்பில் இந்த வழி இருபுறமும் நெருக்கப்படுகிறது. சிரை அழுத்தம் கூடுவதால் கசிவு அதிகரிக்கிறது. கழுத்தடியில் சிரையோடு சேரும் மார்பு நிணக்குழாயோ அதே உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்து நிணநீரை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. முதலில் நிணநாளங்கள் விரிந்து, கூடுதலாக உழைத்து ஈடுகொடுக்கும். அந்தக் கையிருப்புத் திறன் தீர்ந்ததும் வீக்கம் நிலைத்துவிடும். இதயம் சுருங்கும் திறன் பெரிதும் குறையாத வகைச் செயலிழப்பில் இக்கையிருப்பு குறைந்திருப்பதை கிளாஸ்கோ ஆய்வாளர்கள் 2020இல் காட்டினர். காலில் பட்டையிட்டு, கன அளவு மாற்றத்தை அளந்து, படமெடுக்காமலே அவர்கள் இம்முடிவுக்கு வந்தனர்.

முறைகள்

லண்டனைச் சேர்ந்த கின்மன்த் 1952இல் நீலச் சாயத்தால் நிணநாளத்தை அடையாளம் கண்டு, அதில் நேரடியாக எக்ஸ்ரே மருந்து செலுத்தும் முறையை வெளியிட்டார். இது நுணுக்கமானது, வலி தரக்கூடியது.

நிணநீர் சிண்டிகிராபியில் டெக்னீசியம்-99எம் ஏற்றிய நுண்துகள்களைக் கால்விரல் இடுக்கில் தோலுக்கடியில் செலுத்தி, அவை தொடையிடுக்கு நிணநீர் முடிச்சுகளை எட்டுவதை காமா கேமராவில் பார்ப்பார்கள். டெக்னீசியம்-99எம்மின் அரைவாழ்வு 6 மணி நேரம்.

இண்டோசயனின் பச்சைச் சாயத்தைச் செலுத்தி அகச்சிவப்புக் கேமராவில் பார்க்கும் முறையில் கதிர்வீச்சு இல்லை. இயல்பான காலில் சாயம் மெல்லிய கோடாக, விட்டு விட்டு மேலேறும். நாளம் பழுதானால் தோலுக்குள்ளேயே திரும்பிப் பரவி, புள்ளிகளாகவோ படலமாகவோ தெரியும். காலில் பட்டை கட்டிக் காற்றடைத்து, பின் அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, சாயம் எந்த அழுத்தத்தில் பட்டையைத் தாண்டுகிறது என்று பார்த்தால் நிணநாளத்தின் இறைப்புத் திறன் தெரியும். தோலிலிருந்து ஓரிரு சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பது இதில் புலப்படாது. ஆழமான நாளங்களுக்கு எம்.ஆர்.ஐ. உதவும்.

இந்திய அனுபவம்

இந்தியாவில் கால் நிணநாளங்கள் பற்றிய அறிவு பெரும்பாலும் யானைக்கால் நோயிலிருந்தே வந்தது. தஞ்சாவூரில் அறுவை மருத்துவர் எஸ். ஜமால், தேங்கிய நிணநீரைச் சிரைக்குத் திருப்பும் அறுவைகளைச் செய்து, அவற்றைப் பற்றி எழுதினார். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஆலப்புழையில் நடந்த சிண்டிகிராபி ஆய்வுகள், யானைக்கால் நோய்ப் புழுவான புரூஜியா மலாயி தொற்றிய சிறார்களுக்குக் கால் வீங்கும் முன்பே நிணநாள மாற்றம் இருப்பதைக் காட்டின.

நீலகிரியில்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியின் குளிர், யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவுக்கு ஏற்றதல்ல. இங்கே "காலில் நீர் கோத்திருக்கிறது" என்று வருபவரிடம் இதயம், சிறுநீரகம், கல்லீரல், இரத்தசோகை ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். சமவெளியில் நெடுநாள் வாழ்ந்தவரா என்றும் கேட்க வேண்டும். விறகடுப்புப் புகையால் வரும் நுரையீரல் நோய் வலப்பக்க இதயத்தைத் தளர்த்தக்கூடும். சரிவில் நடந்து கொழுந்து பறிப்பவருக்குக் கெண்டைக்கால் தசை நிணநீரை மேலேற்ற உதவும். தேயிலைத் தொழிற்சாலையில் ஒரே இடத்தில் நிற்பவருக்கு அவ்வுதவி குறைவு.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதியைக் கட்டாயமாக்கியது. நீலகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. காமா கேமரா பெரும்பாலும் பெருநகர மருத்துவமனைகளிலேயே இருப்பதால், தோட்ட ஆஸ்பத்திரியில் விரலே முதல் கருவி. முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலால் சில நொடி அழுத்தி எடுத்தால் குழி நிற்பது நீர்த்தேக்கத்தைக் காட்டும். இரண்டாம் கால்விரலின் அடிப்பகுதியில் மேற்புறத் தோலைக் கிள்ளித் தூக்க முடியாவிட்டால் நிணநாளப் பழுதைச் சந்தேகிக்கலாம்.

பயனும் வரம்பும்

வீக்கத்தின் காரணம் தெரிந்தால் சிகிச்சையும் மாறும். நிணநாளப் பழுதுக்கு இறுக்கக் கட்டு அடிப்படைச் சிகிச்சை. கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பில் அதே கட்டு, காலிலுள்ள நீரை இதயத்துக்குத் தள்ளி மூச்சுத்திணறலைக் கூட்டக்கூடும். அங்கே சிறுநீர் பெருக்கும் மருந்துகள் முன்னுரிமை பெறும். இரண்டும் சேர்ந்திருக்கும் நோயாளியிடம்தான் படமெடுப்பு அதிகம் பயன்படும். எனினும், இதய நோயாளிகளுக்கென எல்லோரும் ஏற்ற அளவீட்டு வரம்புகள் இன்னும் வகுக்கப்படவில்லை.