ரோமில் பிறந்த ரோமமின்மை

தாவரவியல் படிப்பவர்களை மிரட்டும் ஆங்கில அடைமொழிகளில் ஒன்று 'கிளேப்ரஸ்'. இலை, தண்டு, காய் எதுவானாலும் மேற்பரப்பில் முடியோ மயிரிழையோ இல்லை என்றால் அது கிளேப்ரஸ். 'வழவழப்பானது' என்று சிலர் பொருள் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. சொரசொரப்பாக இருந்துகொண்டே முடியில்லாமலும் இருக்கலாமே!

சொல்லின் பிறந்த வீடு ரோம். லத்தீனில் 'கிளாபர்' என்றால் முடியில்லாதவன். எஜமானர்களின் ரசனைக்காக உடல் மழிக்கப்பட்ட இளம் அடிமைகளுக்கும் அதுதான் பெயர். மேட்டுக்குடியையும் அது விடவில்லை. அசிலியுஸ் குலத்தின் ஒரு கிளைக்குக் குடும்பப் பெயரே 'கிளாப்ரியோ'. கி.மு. 191இல் தெர்மோபிலே கணவாயில் செலூக்கிய மன்னர் மூன்றாம் அந்தியோக்கஸை முறியடித்த ரோமானிய கான்சல் அந்தக் குடும்பத்தவர்தான். எந்தப் பாட்டனின் சொட்டைத் தலையோ, பேரன் பேத்திகள் வரை பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆங்கிலத்துக்கு இது 17ஆம் நூற்றாண்டில், படித்தவர்களின் கைவழியே வந்தது. அதனால் சந்தைக்குப் போகவில்லை, ஆய்வகத்திலேயே தங்கிவிட்டது. மகிழ்ச்சியைக் குறிக்கும் 'கிளாட்' இதே வேரில் கிளைத்த பங்காளி. முதலில் பளபளப்பைக் குறித்த அந்தச் சொல், பிறகு முகமலர்ச்சிக்கு மாறி ஊரெங்கும் புழங்குகிறது.

தாவரங்களுக்கு இதைப் பெயராகவே சூட்டியவர்களில் தாவரவியலாளர் லின்னேயஸ் முக்கியமானவர். நாட்டு மருந்துக்கடை அதிமதுரத்துக்கு 1753இல் அவர் வைத்த பெயர் 'கிளைசிரைசா கிளேப்ரா'. அதன் உறவுச் செடியொன்றின் காய் முள்ளுமுள்ளாக இருக்கும். இதன் காயில் முள் இல்லை. ஐரோப்பிய எல்ம் மரம் ஒன்றுக்கும் 1762இல் 'உல்மஸ் கிளேப்ரா' என்று பெயர் விழுந்தது. அதன் இலையைத் தடவிப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள்: உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். இளமரத்தின் பட்டை வழவழப்பாக இருப்பதுதான் பெயருக்குக் காரணமாம். சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொள்ளாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

மருத்துவர்களும் இதை விடவில்லை. உள்ளங்கை, உள்ளங்கால் தோலுக்கு அவர்கள் இதே அடைமொழியைத்தான் வைத்திருக்கிறார்கள். புருவங்களுக்கு நடுவே நாம் பொட்டு வைக்கும் இடம் 'கிளாபெல்லா'. அங்கே விரலால் மெல்லத் தட்டினால் கண் இமைக்கும்; தொடர்ந்து தட்டினால் சில தட்டுகளுக்குப் பிறகு இமைப்பது நின்றுவிடும். பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்கு நிற்காது.

நம் புங்க மரமும் ஒரு காலத்தில் 'பொங்கேமியா கிளேப்ரா'வாக இருந்தது. முன்பாதி தென்னாட்டுப் பேச்சிலிருந்து போன 'புங்கம்'. பின்பாதி பறிபோனதற்குக் காரணம் பிழை அல்ல, மூப்பு. 1753இலேயே லின்னேயஸ் அதற்கு 'பின்னேட்டா' என்ற அடைமொழியைக் கொடுத்திருந்தார். முந்திய பெயருக்கே முன்னுரிமை என்பது தாவரவியல் சட்டம். ஆனாலும் பழைய மருந்து நூல்களில் கிளேப்ராதான் கிடக்கிறது. புங்கெண்ணெயைப் பற்றித் தேடுபவர்கள் இரண்டு பெயரிலும் தேட வேண்டும்.