உளுந்து (விருதுநகர் வட்டாரம்)

உளுந்து: பயறுக் குடும்பத்தைச் சேர்ந்த குறுகிய காலப் பயிர், அதன் கறுத்த மணிக்கும், தொலி நீக்கிய வெள்ளைப் பருப்புக்கும் இதுவே பெயர். தாவரவியலார் இதை விக்னா முங்கோ என்பர். பாசிப்பயறு, தட்டைப்பயறு, நரிப்பயறு ஆகியவற்றோடு ஜப்பானியர் இனிப்புக்குப் பயன்படுத்தும் சிவந்த அட்சுகிப் பயறும் இதே பேரினம். காயவைத்த மணியில் நூற்றுக்கு 24 பங்கு அளவில் புரதம் உண்டு. விருதுநகருக்கும் உளுந்துக்கும் உள்ள உறவு நிலத்தைவிடக் கடைத்தெருவில்தான் வலுவானது. இந்த ஊர் உளுந்தை விளைவித்ததைக் காட்டிலும் வாங்கி, உடைத்து, விலை சொல்லி விற்றதே அதிகம்.

உளுந்தின் காட்டு இனம் இந்தியாவுக்கே உரியது. அதைப் பயிராக்கியவர்களும் இந்நிலத்து மக்களே. லின்னேயஸ் 1767இல் பேசியோலஸ் முங்கோ என்று பெயரிட்டு, அமெரிக்க பீன்ஸ் வகைகளோடு சேர்த்து வைத்தார். விக்னா பேரினத்துக்கு அது மாறியது 1956இல். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தட்டைப்பயறு போலவோ, கிழக்காசியாவில் பயிரான அட்சுகி போலவோ அல்லாமல், உளுந்து பிறந்த நாட்டிலேயே பெரும்பாலும் தங்கிவிட்டது. காரணம் சமையலில் இருக்கிறது. அட்சுகியை முழுதாக வேகவைத்து மசித்துச் சர்க்கரை சேர்த்தால் பணியாரத்துக்குப் பூரணம் ஆகிவிடும். உளுந்தையும் வேகவைத்துச் சாப்பிடலாம்; பஞ்சாபில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் தெற்கே அதன் பெருமை பச்சையாக ஊறவைத்து அரைப்பதில்தான். மாவில் உள்ள பசைத்தன்மை நுரையையும் காற்றையும் பிடித்துவைக்கிறது. இட்லி உப்புவதும் வடை உள்ளே பஞ்சாக இருப்பதும் அதனால்தான். வேறு பயறை அரைத்து இட்லி சுட்டவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

தமிழ் நூல்களில் உளுந்து பழமையானது. அகநானூற்றின் 86ஆம் பாடல், நல்லாவூர் கிழார் பாடியது, ஒரு திருமண வீட்டை விவரிக்கும்போது உளுந்து சேர்த்துக் குழைய ஆக்கிய சோற்றைச் சொல்கிறது. இட்லியைப் பற்றிய முதல் குறிப்பு கன்னடத்தில் கிடைக்கிறது. 10ஆம் நூற்றாண்டின் வட்டாராதனை அதன் பெயரைச் சொல்கிறது. 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் சோமேசுவரன் தொகுத்த மானசோல்லாசத்திலும் அது வருகிறது. அந்தக் கால இட்லியில் அரிசி இல்லை, முழுக்க உளுந்து. அரிசி எப்போது கூட்டாளியாகி, பிறகு பெரும்பங்கைப் பிடித்துக்கொண்டது என்பது உணவு வரலாற்றில் இன்னும் வாதத்துக்குரிய கேள்வி.

விருதுநகர், அருப்புக்கோட்டை, சிவகாசிப் பக்கத்து வீடுகளில் உளுந்து தின்பண்டம் மட்டும் அன்று, மருந்தும்கூட. பெண் பிள்ளை பெரியவளானால் தொலியோடு வறுத்துத் திரித்த கறுப்பு உளுந்தில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் களி கிண்டிக் கொடுப்பது வழக்கம். இடுப்புக்கு வலு என்பது பாட்டிகளின் வாக்கு. இந்தக் களிக்கு வெள்ளை உளுந்து ஆகாது. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்த உளுந்தங்கஞ்சி அதன் இளகிய உறவு. மூன்று சரக்குகளும், அதாவது உளுந்து, பனையிலிருந்து வரும் கருப்பட்டி, எள்ளிலிருந்து வரும் எண்ணெய், தண்ணீர் குறைந்த நிலத்தின் விளைச்சல் என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தக் களியை இம்மண்ணின் வரைபடம் என்றே சொல்லிவிடலாம்.

கரிசல் காட்டில் உளுந்து பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்படுகிறது. தனிப்பயிராகவும், பருத்திக்கு ஊடுபயிராகவும். 65 முதல் 75 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். மழை இடையில் ஏமாற்றினாலும் கொஞ்சம் காய் தரும் என்பது அதன் நற்குணம். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோய் அதன் பெரிய எதிரி. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையத்திலிருந்து வரும் வம்பன் ரகங்களின் முக்கிய நோக்கமே அந்த நோயைத் தாங்குவதுதான். இருந்தாலும் தமிழ்நாட்டில் உளுந்துக்குப் பெயர்பெற்றது காவிரி டெல்டா. அங்கே நெல் அறுவடைக்குச் சற்று முன் ஈர வயலிலேயே விதையைத் தூவிவிடுவார்கள்.

அப்படியானால் உளுந்து விலை கேட்க ஏன் விருதுநகரைப் பார்க்க வேண்டும்? 19ஆம் நூற்றாண்டில் விருதுபட்டி என்ற பெயரில் இருந்த இவ்வூரில் நாடார் வணிகர்கள் பேட்டை அமைத்து, உறவின்முறை என்ற தங்கள் சமூக அமைப்பின் கீழ் வியாபாரம் செய்தார்கள். வந்துபோகும் சரக்கின்மீது மகமை என்ற சிறு தொகை பிடித்துப் பொதுக் காரியத்துக்குச் சேர்த்தார்கள். 1889இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலா அந்தப் பொதுப்பணத்தாலும், வீடுதோறும் எடுத்துவைத்த பிடி அரிசியாலும் வளர்ந்த பள்ளி. காமராசர் படித்தது அங்கேதான். மதுரையையும் தூத்துக்குடித் துறைமுகத்தையும் இணைத்த ரயில்பாதை 1870களில் இவ்வழியே வந்தபின், பருத்தி, மிளகாய் வற்றல், மல்லி, எண்ணெய், பருப்பு எல்லாம் இங்கே குவிந்தன. 1923இல் ஊர் விருதுநகர் ஆனது. விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று நாளிதழ்களில் வரும் பட்டியலைத் தென்மாவட்ட மளிகைக் கடைக்காரர் இன்றும் பார்த்துத்தான் சரக்கு எடுக்கிறார். நாடு உளுந்து, பர்மா உளுந்து என்று அதில் தனித்தனி விலை இருக்கும்.

வாங்கிய உளுந்தைப் பருப்பாக்குவது தனி வேலை. தொலி அழுத்தமாக ஒட்டியிருப்பதால் அது எளிதில் கழலாது. முதலில் சலித்துத் தூசியும் கல்லும் நீக்கி, சொரசொரப்பான உருளையில் ஓட்டித் தொலியில் கீறல் விழச் செய்வார்கள். பிறகு எண்ணெய் தடவிக் களத்தில் வெயிலில் காயப்போட்டு, தண்ணீர் தெளித்துக் குவித்துவைத்து, மறுபடியும் உருளையில் விட்டால் தொலி உரியும். முழுதாக வந்தால் உருட்டு உளுந்து, பிளந்து தொலி போனால் வெள்ளைப் பருப்பு, தொலியோடு பிளந்தால் தொலி உளுந்து. உரிந்த பொட்டு மாட்டுத் தீவனமாகும்.

களம் காய வெயில் வேண்டும். 1922இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் அதைத் தொடங்கி, பின்னர் பட்டாசுக்கும் அச்சுக்கும் போனதற்கு அடிப்படையாக இருந்ததும் இதே மழை குறைந்த வானம்தான். குச்சியும் மருந்தும் காய வேண்டும். உளுந்தும் காய வேண்டும். விவசாயியைக் கைவிட்ட வெயிலை வியாபாரி கணக்கில் வரவு வைத்தான். தீபாவளிக்கு முன் சிவகாசியில் பட்டாசு லாரி ஏறும் அதே வாரங்களில் விருதுநகரில் உளுந்துக்கும் கிராக்கி கூடும். தீபாவளியன்று காலை வடை இல்லாத வீடு குறைவு.

பர்மா உளுந்து இந்தச் சந்தையின் இன்னொரு கால். மியான்மரில் உளுந்து பெரும்பகுதி ஏற்றுமதிக்காகவே விளைகிறது. வாங்குபவர் பெரும்பாலும் இந்தியர். ஒன்றிய அரசு 2017 ஆகஸ்டில் உளுந்து, பாசிப்பயறு இறக்குமதிக்கு ஆண்டுக்கு 3 லட்சம் டன் என்று வரம்பு கட்டியது. 2021 மே மாதம் அதைத் தளர்த்தியது. அதே ஆண்டு மியான்மருடன் செய்துகொண்ட ஒப்பந்தம் 2025-26 வரை ஆண்டுதோறும் இரண்டரை லட்சம் டன் உளுந்து வாங்க வழி செய்தது. டெல்லியில் அறிவிப்பு வந்தால் பேட்டையில் அன்றே விலை அசையும். கரிசலில் மழை பெய்ததா இல்லையா என்பதைவிட யாங்கூனில் என்ன விலை என்ற கேள்வி இங்கே முந்திக்கொள்வது அதனால்தான். அண்மைக் காலத்தில் பிரேசில் உளுந்தும் கப்பலேறி வரத் தொடங்கியிருக்கிறது.